தளபதி வாங்காத தாம்பூலம்

மலைநாட்டில் பெய்த மழையெல்லாம் திரண்டு, வேரோடு பெயர்ந்த மருத மரங்களையும் வெண்ணுரையையும் உருட்டிக்கொண்டு, இரு கரைகளையும் தொட்டு ஓடிய கொள்ளிடப் பெருநதியின் மேல் அந்தி மங்கிக்கொண்டிருந்தது. கீழ்வானில் நிலவு எழ, தென்கரையில் பாசறை அமைத்திருந்த வெண்ணாவல் நாட்டுப் படையின் கூடாரங்களில் தீவட்டிகள் ஒவ்வொன்றாக ஏற்றப்பட்டன. மறுகரையிலும் நெருப்புகள் தெரிந்தன. அவை பகைவரான நீர்மங்கலத்தாருடையவை.

அரச கூடாரத்தினுள் ஈர உடையோடு நின்றிருந்தான் உபதளபதி இளம்பூதன். போர்க்களத்தில் புலி, ஆனால் சபையில் பூனை என்று வீரர்களே அன்போடு கேலி செய்வார்கள். பிறருடைய காவல் முறையையெல்லாம் தன் தலையில் போட்டுக்கொள்வான். யார் எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்பான். மறுத்துச் சொன்னால் மனம் நோகுமே என்று அஞ்சும் அந்த நல்ல குணம் எத்தனை பேரைக் குழியில் தள்ளியிருக்கிறது என்பதை வாசகர்கள் அறியாதவர்கள் அல்லர். அவனுடைய தமையனையும் அதுதான் தள்ளியது.

வெண்ணாவலில் ஒரு வழக்கம் உண்டு. அரசர் கையால் தரும் தாம்பூலத்தை வாங்கியவர் அந்தக் காரியத்தை முடித்தே தீரவேண்டும். வாங்க மறுத்தவர் வாளைக் கழற்றி வைத்துவிட்டுப் போகவேண்டும். நீட்டிய வெற்றிலையை வாங்காமலிருப்பது மரியாதையன்று என்பதால், ஆகாத காரியம் என்று தெரிந்தே தமையன் வாங்கினான். அவனோடு ஒரு படையே மலைப் பள்ளத்தாக்கில் மடிந்தது.

இன்று அதே வெற்றிலை இளம்பூதன் முன் நீண்டிருந்தது.

இரவே துறையில் இறங்கி ஆற்றைக் கடந்து பகைவரைத் தாக்கவேண்டும் என்பது அரசர் நெடுமுடியரின் ஆணை. துறையில் இடுப்பளவு நீர்தான் என்று அடித்துச் சொல்லியிருந்தான், புதிதாக வந்து சேர்ந்த வழிகாட்டி கூத்தன். சற்று முன்பு அங்கே தான் இறங்கிப் பார்த்ததையும், தன் குதிரையை வெள்ளம் அடித்துச் சென்றதையும் இளம்பூதன் எடுத்துரைத்தான். குதிரை வழுக்கியிருக்கும் என்று சிரித்தான் கூத்தன். வென்று வருபவனுக்குத் தம் மகள் அருள்நங்கையையே தருவதாக அறிவித்தார் அரசர்.

திரைச்சீலைக்குப் பின்னே வளைகள் ஒலித்தன. இளம்பூதன் அந்தப் பக்கம் திரும்பினான். நெடுநாளாக அவன் மனத்தில் பூட்டி வைத்திருந்த பெயர் அது. கையை நீட்டினால் போதும். ஆனால் வெளியே, தன் சொல்லை நம்பி வெள்ளத்தில் இறங்கப்போகும் வீரர்கள் அடுப்பு மூட்டிச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அரசே, இந்தத் தாம்பூலத்தை நான் வாங்கமாட்டேன்" என்றான் இளம்பூதன்.

அவன் குரலில் சினம் இல்லை, கெஞ்சலும் இல்லை. கோழை என்று அரசர் சீறினார். நன்றி கெட்டவன் என்றார். பதிலுக்கு அவன் ஒரு சுடுசொல்லும் சொல்லவில்லை. தலையை ஆட்டுபவர்களையும் மேசையை உடைப்பவர்களையும் நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். தன் சொல்லில் நின்று, பிறரையும் நோகடிக்காத மனிதன்தான் அபூர்வம். அன்று மாலை வெண்ணாவல் சபை அப்படி ஒருவனை முதன்முதலாகக் கண்டது.

"தங்கள் மீது எனக்குள்ள அன்பு குறையவில்லை. வெள்ளம் வடிந்ததும் முதல் ஆளாக நானே கடப்பேன். இன்று கேட்டால் இயலாது என்பதே என் விடை" என்று சொல்லி, வாளைக் கழற்றி அரசரின் காலடியில் வைத்தான். "ஒன்று மட்டும் வேண்டுகிறேன். வழிகாட்டி முதலில் துறையில் இறங்கி மறுகரை சேரட்டும். சேர்ந்துவிட்டால் என் தலை தங்களுடையது."

கேட்டது நியாயம் என்பதை அரசரால் மறுக்க முடியவில்லை. புன்னகை மாறாமலே வீரர்களோடு கரைக்கு நடந்தான் கூத்தன்; அரசரும் இளம்பூதனும் பின்தொடர்ந்தார்கள். நீரில் கால் நனைந்ததுதான் தாமதம், பக்கத்தில் நின்ற காவலனைத் தள்ளிவிட்டு அந்தக் காவலனுடைய குதிரைமேல் தாவினான். எதிரே அவனுடைய ஆட்களான நீர்மங்கலத்தார் மூட்டிய நெருப்பு கூப்பிடு தொலைவில் எரிந்தது. இடுப்பளவு நீர் என்று சத்தியம் செய்தவன், உயிருக்குத் தப்பி ஓடும்போதும் அந்தத் துறைப் பக்கம் திரும்பாமல் தெற்கே காட்டை நோக்கிப் பறந்தான். அம்புகள் அவனை எட்டவில்லை.

ஒற்றன் மறைந்த திசையையும் பெருகியோடும் வெள்ளத்தையும் அரசர் மாறிமாறிப் பார்த்தார். பிறகு கூடாரத்துக்குத் திரும்பி, தரையில் கிடந்த வாளைத் தாமே குனிந்து எடுத்து இளம்பூதனின் இடையில் கட்டினார். நீ வாங்க மறுத்ததால் என் படை பிழைத்தது, என் மகளை உனக்கே தருகிறேன் என்றார்.

இளம்பூதன் கைகூப்பினான்.

"அரசே, இளவரசியை நான் நேசிக்கிறேன். ஆனால் பரிசாக வாங்கிக்கொள்ள மாட்டேன். அவரைக் கேளுங்கள்."

ஒரே நாளில் இரண்டாம் முறை மறுக்கிறானே என்று அரசர் திகைத்தார். பிறகு திரைச்சீலையின் அருகே சென்று, வாழ்நாளில் முதன்முறையாக, மகளின் விருப்பம் என்ன என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

சீலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள் அருள்நங்கை. அவள் கண்கள் கலங்கியிருந்தன, குரல் கலங்கவில்லை.

"வென்றவர் யாராயினும் அவருக்கு நான் என்று தாங்கள் சொன்னபோது எனக்குச் சம்மதமில்லை, தந்தையே. இவரென்றால் எனக்குச் சம்மதம்."