காத்தானின் தண்ணீர் முறை

வலங்கைமான் கடைத்தெருவில் நான் கடிகாரம் பழுது பார்க்கிறேன். மீரா உசேன் என்று பெயர். எண்பத்தேழில் ஒரு நாள், பகல் மூன்று மணி வெயிலில், அம்சம் என் கடைக்கு வந்தாள். அவளைக் கண்டதும் பார்வையை மேஜைக்குத் தாழ்த்திக்கொண்டேன்.

"பாய், இதுக்குச் செல் போட்டுக் குடுங்க."

அவளுடைய புருஷன் காத்தானின் குவார்ட்ஸ் கடிகாரம் அது. எனக்குத் தெரியாதா என்ன!

காத்தான் துரைராசுவின் நிலத்தைக் குத்தகைக்குப் பார்த்தவன். சர்க்காரில் குத்தகைதாரன் என்று பெயரைப் பதிந்துகொண்டான்; இனி அவனை நிலத்தைவிட்டு எழுப்ப முடியாது. அந்த ஆத்திரம் துரைராசுவுக்கு. போன வருஷம் தண்ணீர் குறைந்து, வாய்க்காலில் மணிக்கணக்கு வைத்து முறை பிரித்தார்கள். காலை பத்து மணிக்குக் காத்தான் முறை. இந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் மடையைத் திறந்தான். இருபது நிமிஷம் முன்னாடியே திறந்து தண்ணீரைத் திருடிவிட்டான் என்று துரைராசு கத்தினார். சோதித்துச் சொல்லும்படி பஞ்சாயத்தார் கடிகாரத்தை என்னிடம் கொடுத்தார்கள். ரேடியோவில் செய்திக்கு முன் வரும் பீப் ஒலியோடு மூன்று நாள் ஒப்பிட்டேன். ஓடும் கடிகாரத்தின் துடிப்புக்கு ஏற்ப விளக்கு மின்னும் சோதனை மெஷினிலும் வைத்துப் பார்த்தேன். ஒரு செகண்டுகூடப் பிசகவில்லை.

துரைராசு கடைக்கு வந்தார். கட்டடம் அவருடையது.

"வேகமா ஓடுதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க பாய். இல்லன்னா கடையக் காலி பண்ணுங்க."

சொல்லிவிட்டேன், பாவி. காத்தான் முறையைப் பறித்தார்கள். பயிர் கருகியது. அவன் பூச்சிமருந்தைக் குடித்துச் செத்தான்.

இப்போது பின்மூடியைத் திறந்தேன். செல் இருக்க வேண்டிய குழி காலி. பழக்க தோஷம், அப்படியே மெஷின் மேல் வைத்தேன்.

விளக்கு மின்னியது.

செகண்டுக்கு ஒரு தரம்.

யா அல்லா! எடுத்தேன், நின்றது. வைத்தேன், மின்னியது. பூச்சிமருந்து வாடை கடையெல்லாம் பரவியது.

"சரியா ஓடுதா பாய்?" அம்சம் மெதுவாகக் கேட்டாள்.

"அன்னிக்கும் சரியாத்தாம்மா ஓடிச்சு. நான்தான் பொய் சொன்னேன்."

அவள் அழவில்லை. "அத அஞ்சு மணிக்குப் பஞ்சாயத்துல வந்து சொல்லுங்க. இந்த வருஷ முறையப் பிரிக்கிறாங்க. முறை இல்லன்னா நிலம் போயிடும்."

"வர்றேம்மா."

போனேன். துரைராசு ஒரு பார்வை பார்த்தார். உண்மையைச் சொல்லாமலே தலையைக் குனிந்தபடி திரும்பி நடந்தேன். அம்சத்துக்கு முறை கிடையாது என்று முதுகுக்குப் பின்னால் கேட்டது.

கடைப் பூட்டு போட்டபடியே இருந்தது. திறந்தேன்.

வாசற்படியிலிருந்து என் நாற்காலி வரைக்கும் ஈரச் சேற்றுக் காலடிகள். ஆற்றில் இன்னும் தண்ணீர் விடவில்லை. ஊரில் சேறு ஏது?

குனிந்து பார்த்தேன். எல்லாம் உள்ளே வந்த தடங்கள்.

வெளியே போன தடம் ஒன்றுகூட இல்லை.