மேஜரின் சவரப் பெட்டி

மெல்பேர்ணில் அந்தப் பழைய வீட்டுக்கு இரஞ்சிதம் குடிவந்தது எழுபத்து நாலாம் ஆண்டு, ஒரு குளிர்காலச் சனிக்கிழமை மத்தியானம். அவள் தாதியாக வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு ஒரே டிராம். வாடகையும் கையைக் கடிக்காது. வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அவள் உள்ளே போனதை, வீட்டுக்காரி மிஸிஸ் ஹார்கிரீவ் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

முன்னறை முழுக்க அந்த அம்மாவுடைய புருஷனின் கொள்ளுத்தாத்தாதான். மெட்ராஸ் படையில் மேஜராக இருந்து, ஓய்வுபெற்ற பிறகு இங்கே வந்து செத்தவர். வாள், பதக்கங்கள், கண்ணாடி அலமாரிக்குள் முழங்கால் உயரப் பூட்ஸ். சவரப் பெட்டிக்குள், அடியில் நாலு வெள்ளி வளையங்கள்.

“திரைச்சீலை வளையங்கள்,” என்றாள் மிஸிஸ் ஹார்கிரீவ்.

மெட்டி அது. யாரோ போட்டுத் தேய்ந்த மெட்டி. வார்டுச் சப்பாத்துக்குள் உறுத்துகிறதென்று தன்னுடையதை இரஞ்சிதமும் கழற்றித் துணிப்பெட்டியில்தான் வைத்திருந்தாள். வெள்ளைக்கார மேஜரிடம் இது எப்படி வந்தது? கேட்டுப் பகைத்துக்கொள்ள முடியாது. புருஷன் சிறிதரனை யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிட வேண்டும். அவனுக்கு இங்கே தங்க இடம் உண்டென்று இந்த அம்மா கடிதம் தரவேண்டும்.

நாலாம் நாள் காலை, பூட்ஸ் வாசலுக்கு வெளியே நின்றது. அவளுடைய சப்பாத்தோடு ஒட்டியபடி.

“இந்த வீட்டில் யாரும் வாசலில் சப்பாத்துக் கழற்றியதில்லை. நீ வந்தாய், இது நடக்கிறது,” என்றாள் மிஸிஸ் ஹார்கிரீவ். அலமாரியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாளும் பூட்ஸ் வெளியே.

“கடிதத்தைப் பிறகு பார்ப்போம்.”

இரஞ்சிதத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவி யாரிடம் இருக்கிறது? இன்னுமொரு கறுத்த ஆளைச் சேர்க்க மனமில்லாமல் கிழவிதான் நாடகம் ஆடுகிறாள். வார்டில் கூட வேலை செய்த விமலாதேவியிடம் கொட்டித் தீர்த்தாள்.

“கோவிக்காதை இரஞ்சி. நித்திரையில எழும்பி நடக்கிறனியோ?”

“எனக்கு உந்தப் பழக்கம் இல்லை.”

“தனியப் படுக்கிறாய். ஆருக்குத் தெரியும்?”

அன்றிலிருந்து அவளுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

ஞாயிறு பகல், வாசலிலிருந்து நடை நெடுக, குசினிக் கதிரைகள் வரைக்கும் முகப்பவுடரைத் தூவினாள். மிஸிஸ் ஹார்கிரீவைக் குசினியில் உட்காரவைத்துச் சாவியை மேசையில் வைக்கச் சொன்னாள். இருவரும் தேத்தண்ணியோடு ஒருவரையொருவர் காவல் காத்தார்கள்.

வாசற்கதவு முனகியது.

பாரமான ஏதோ தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று.

பழந்தோலும் சுருட்டும் கலந்த வாடை உள்ளே வந்தது.

போய்ப் பார்த்தார்கள். அலமாரி பூட்டியபடியே இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. பூட்ஸ் வாசலுக்கு வெளியே. பவுடரில் ஒரு ஆணின் வெறுங்கால் தடங்கள், வாசலிலிருந்து குசினி வரை. திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை.

கடைசி இரண்டும் இரஞ்சிதம் இருந்த கதிரைக்குப் பின்னால்.

ஊரில் வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்தே வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். மெட்ராஸில் ஒரு பெண், சப்பாத்தைக் கழற்றாமல் இந்த மனிதனை உள்ளே விட்டிருக்க மாட்டாள். அவளை விட்டுவிட்டு, மெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு கப்பலேறியிருக்கிறான்.

“இது உன் வேலை இல்லை,” என்று கிசுகிசுத்தாள் மிஸிஸ் ஹார்கிரீவ். அப்போதே கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். “என்னைத் தனியே விட்டுப் போய்விடாதே.”

எப்படிப் போவது? கடிதத்தில் இருந்தது இந்த வீட்டு விலாசம்.

அலமாரிக்குத் திரும்பிய பூட்ஸ் அதன்பின் மூன்று மாதம் அசையவில்லை. சனியன் தொலைந்தது என்றே இரஞ்சிதம் நினைத்தாள். சிறிதரன் வந்திறங்கிய மாலை, வாசலில் அவளுடைய சப்பாத்துக்குப் பக்கத்தில் தன்னுடையதைக் கழற்றி வைத்தான். அதைப் பார்க்க அவளுக்கு மனம் நிறைந்துபோனது.

“நல்ல வீடு,” என்றான்.

“ஓம்.”

விடிந்ததும் அவன் வாசலிலிருந்து கூப்பிட்டான். “இரஞ்சி, என்ரை சப்பாத்தைக் கண்டனியே?”

ஓடி வந்தாள். அவளுடைய சப்பாத்தோடு ஒட்டியபடி பூட்ஸ் நின்றது. சிறிதரனுடையது படலைக்கு வெளியே, டிராம் பாதை நடுவில் கிடந்தது.

எடுக்க வெறுங்காலோடு இறங்கினாள். விரல்களில் ஏதோ உறுத்தியது.

இரண்டு காலிலும் தேய்ந்த மெட்டி. அவளுடையவை அல்ல.

குனிந்து கழற்றப் பார்த்தாள்.

வரவில்லை.