உரிய பிரிவுக்கு மாற்றப்பட்டது

அந்தக் கேள்வியில் ஆட்டுக்கல் வந்ததுதான் பூமயிலுக்கு உறுத்தியது. “தண்ணீர் வராமல் கைவிட்ட போர்வெல் குழி. மேலே ஆட்டுக்கல்லை வைத்து மூடியிருக்கிறார்கள். உள்ளேயிருந்து சத்தம் வருகிறது. அது என்ன?” என்று யாரோ எழுதியிருந்தார்கள். பெயர் கொடுக்காதவர்களை மன்றம் தானாகவே ‘புதியவர்’ என்று காட்டும், இவரும் புதியவர்தான். பூமயில் தலையைத் தூக்கி ஜன்னல் வழியே பார்த்தாள். அவள் வீட்டு வாசலுக்கு நேரேயும் ஒரு பொய்த்துப்போன போர் இருந்தது. அதன் மேலும் மாமியார் காலத்து ஆட்டுக்கல் இருந்தது. முதுகுளத்தூர்ப் பக்கம் போர் போட்டு ஏமாறாத வீடு எங்கே இருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

இயற்பியல் படித்துவிட்டு மிளகாய்க் காட்டுக்கு வாக்கப்பட்டவள் அவள். இணையத்தில் ஒரு தமிழ் அறிவியல் மன்றத்துக்கு நெறியாளராக இருப்பதுதான் படித்த படிப்புக்கு மிச்சம். சனங்கள் எல்லாக் கேள்வியையும் ‘பொது’ என்ற பிரிவில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவார்கள். இடி ஏன் இடிக்கிறது என்பதும் அங்கேதான், பல்லி வால் ஏன் முளைக்கிறது என்பதும் அங்கேதான். அவற்றைப் பொறுக்கி இயற்பியல், உயிரியல், நிலவியல் என்று அதனதன் இடத்தில் சேர்ப்பது அவள் வேலை. சோறு போடாத உத்தியோகம் என்று புருஷன் காளிதாஸ் கேலி செய்வான். அவளுக்கு அதில் ஒரு கர்வமே இருந்தது.

இந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது. காற்றழுத்தம் மாறும்போது ஆழமான குழிகள் காற்றை இழுக்கும், வெளியே தள்ளும். அதை எழுதி, கேள்வியை நிலவியலுக்கு நகர்த்தினாள். ‘உரிய பிரிவுக்கு மாற்றப்பட்டது’ என்ற வழக்கமான வரி கீழே விழுந்தது.

நடுப்பகல். ஊரே மிளகாய் பறிக்கப் போயிருந்தது. காய்ந்த வற்றலின் நெடியைத் தவிர வேறெதுவும் அசையாத அந்த வெயிலில், ஆட்டுக்கல்லுக்கு அடியிலிருந்து புஸ்ஸென்று காற்று கிளம்பி, வாசல் புழுதியைத் தள்ளிக்கொண்டு, படியேறி, நெடுநாள் அடைத்துக் கிடந்த ஈரச் சேற்றின் வாடையோடு வீட்டுக்குள் வந்து, உத்தரத்தில் தொங்கிய சேலைத் தொட்டிலை மெல்ல ஆட்டியது. மூன்று வயதாகியும் தொட்டிலை விடாத மகள் மதுமதி அதில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

போன் ஒளிர்ந்தது. “நன்றி. காற்று வந்துவிட்டது. இப்போது தட்டும் சத்தம் கேட்கிறது. அது என்ன?”

டொக். டொக்.

வாசலில்தான். கல்லுக்கு அடியில். பூமயில், கமுதிக்கு வற்றல் விற்கப் போயிருந்த காளிதாஸைப் போனில் கூப்பிட்டாள்.

“ஏங்க, நம்ம போருக்குள்ள என்னமோ தட்டுதுங்க. பயமா இருக்கு.”

“உடும்பு கிடும்பு கிடக்கும் புள்ள. அங்கன போகாம கதவைச் சாத்திட்டு இரு. பொழுது சாய வந்துர்றேன்.”

உடும்புதான். வேறென்ன இருக்க முடியும்? கதவைத் தாழிட்டாள். நிம்மதி கொஞ்சம், பழக்கம் கொஞ்சம், விரல் தானாகக் கேள்வியை உயிரியலுக்கு நகர்த்தியது. உரிய பிரிவுக்கு மாற்றப்பட்டது.

“நன்றி. உயிர் வந்துவிட்டது.”

வெளியே ஆட்டுக்கல் நகரும் சத்தம் கேட்டது. இரண்டு ஆள் சேர்ந்து தூக்கும் கல் அது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவள் எதில் போடுகிறாளோ அதுவாக அது ஆகிறது. திருப்பி நிலவியலுக்கே போட அழுத்தினாள். ‘வேறொரு நெறியாளர் இந்தப் பதிவைத் திருத்துகிறார்’ என்று வந்தது. மீண்டும் அழுத்தினாள். அதே வரி.

வேறொரு நெறியாளர் என்றால் மண்டபம் ஊர்க்காரன் தர்மராஜ்தான். எதையும் பாதியில் விடாத சுத்தக்காரன். அவனைக் கூப்பிடுவதற்குள் அவனே கூப்பிட்டான்.

“அக்கா, புதியவரு கேள்விய நீங்க உயிரியல்ல பொத்தாம்பொதுவா விட்டுட்டீக. கை இருக்கு, கால் இருக்கான்னுல்ல கேக்குறாரு. நான் மனித உடலியல்ல போட்டுட்டேன்.”

“தம்பி, வேணாம்! எடுத்துரு அதை!”

“கேக்கல அக்கா. விட்டு விட்டு வருது.”

கல் உருண்டு விழுந்தது. புழுதியில் ஈரக் கால்கள் நடந்தன. சின்னக் கால்கள். படியேறின. கதவுக்கு வெளியே நின்றன.

“அம்மா. தொறம்மா.”

மதுமதியின் குரல். பூமயில் தொட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். சேலைக்கு வெளியே பிள்ளையின் பாதம் நீட்டிக்கொண்டிருந்தது. கொலுசு தெரிந்தது. ஓடிப்போய் அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். சூடாக இருந்தது. என் பிள்ளை இதுதான், இது மட்டும்தான். யார் கூப்பிட்டாலும் திறக்கமாட்டேன்.

போனில் இரண்டு புதிய கேள்விகள் வந்து நின்றன.

“மதுமதி, மூன்று வயது. தொட்டிலில் தூங்குகிறாள். இவள் யார்?”

“மதுமதி, மூன்று வயது. வாசலில் நிற்கிறாள். சேறு பூசியிருக்கிறாள். அம்மாவைக் கூப்பிடுகிறாள். பசிக்கிறது. இவள் யார்?”

மன்றத்தில் ஒரே விஷயத்துக்கு இரண்டு பதிவு இருக்கக் கூடாது. ஒன்றுதான் நிற்கும். அவளே தர்மராஜுக்குக் கற்றுக்கொடுத்த விதி.

“தம்பி! தொடாத! ரெண்டையும் தொடாத!”

“அக்கா, இப்பக் கேக்குது. ஒரே ஆளைப் பத்தி ரெண்டு பதிவு கிடந்துச்சுல்ல, சேத்துட்டேன். ரெண்டாவதுலதான் விவரம் நெறைய இருந்துச்சு. அதை வச்சுக்கிட்டு மொதலாவத எடுத்துட்டேன்.”

அவள் கைக்குள் சூடு இல்லை. பாதமும் இல்லை.

உத்தரத்திலிருந்து சேலை நேராகத் தொங்கியது. கனமில்லாமல். காலியாக.

ஜன்னலுக்கு வெளியே, சேறு வழியும் இரண்டு சின்னக் கைகள், தூக்கச் சொல்லி அவளைப் பார்த்து நீண்டிருந்தன. காலில் கொலுசு இருந்தது.