கேட்கும் பொத்தான்

முதலில் உறுத்தியது அவர்களுடைய மூச்சுதான். திரையில் வரிசையாக நின்ற நான்கு தோழர்களின் தோள்களும் ஒரே நொடியில் உயர்ந்து, ஒரே நொடியில் தாழ்ந்தன.

பழைய வீடியோ கேமில் இப்படி இருந்ததில்லை. ஆளுக்கொரு முறையாக ஆடும் சண்டை அது. நாம் யோசித்து முடிக்கும்வரை தோழர்கள் காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் வில்லுக்காரி மூக்கைச் சொறிவாள், வைத்தியர் கொட்டாவி விடுவார், தடியன் தன் நிழலையே மிதித்து விளையாடுவான். அதன் இரண்டாம் பாகத்துக்காகக் கண்ணாடிக்கடைக்காரர் பதினெட்டு வருடம் காத்திருந்தார். வந்ததோ, மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை.

"தோழன்கிட்ட 'உனக்கு என்ன செய்யணும்'னு கேக்கறதுக்கு ஒரு பொத்தான் இருந்துச்சே மாப்ள, அதையே தூக்கிட்டானுங்க! வெளங்குவானுங்களா?" என்று மைத்துனனிடம் போனில் கத்தினார்.

"அதை யாருமே அழுத்தலையாம் மாமா, அதான் எடுத்துட்டாங்களாம். நீங்க என்னைக்காவது அழுத்தியிருக்கீங்களா?"

"கேட்டா நம்ம முறை வீணாப் போகும். எவன் கேப்பான்?"

"அப்புறம் எதுக்கு இந்தக் குதி குதிக்கிறீங்க? அக்கா மூணு நாளா உங்ககிட்ட ஏதோ சொல்லணும்னு காத்துக்கிட்டிருக்கு. அதையாவது கேளுங்க."

போனைத் துண்டித்தார். கோபம் காதுவரை சுட்டது.

வெளியே மதிய மழை ஜன்னல் தகரத்தில் ஓயாமல் கொட்டிக்கொண்டிருக்க, நனைந்த திரைச்சீலையின் வாடையும் சூடேறிய விளையாட்டுக் கருவியின் தூசி வாடையும் கலந்து அறையை நிரப்ப, மகள் ஒரு காகிதத்தை மார்போடு அணைத்தபடி வந்து நின்றாள்.

"அப்பா, ஒண்ணே ஒண்ணு..."

"பேசாம அங்க போய் நில்லு!"

அவள் சுவரோரம் போய் நின்றாள். சத்தம் கேட்டு மனைவி ஓடி வந்தாள்.

"எங்கேயோ இருக்கிறவன் செஞ்ச தப்புக்குப் புள்ள மேல எரிஞ்சு விழறீங்களே, நல்லா இருக்கா இது?"

"நீயும் போய் நில்லு. வாயைத் திறக்காதே!"

நல்ல வார்த்தை சொல்ல நாக்கைக் கொடுத்த கடவுள் அதற்குக் கூலி கேட்கவில்லை. அன்று அவருக்கு அது நினைவில் இல்லை. மறுபடி ஆடத் தொடங்கினார். தோற்றார். திட்டினார். மறுபடி தோற்றார்.

வெகுநேரம் கழித்துத்தான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. மழைக்கு அடியில், மெல்லிய மூச்சு. ஏறியது. இறங்கியது. கருவியை அணைத்தார். திரை இருண்டது. சத்தம் நிற்கவில்லை.

திரும்பினார்.

மனைவியும் மகளும் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். தோள்கள் ஒன்றாக உயர்ந்தன. ஒன்றாகத் தாழ்ந்தன. கண்கள் அவரையே பார்த்தன. இமைக்கவில்லை.

"பாப்பா?"

அசைவில்லை.

"விளையாடாதீங்க. உட்காருங்க."

இருவரும் உட்கார்ந்தார்கள். ஒரே நொடியில். நாற்காலி இல்லாத இடத்தில், வெறுந்தரையில். மகளின் கையிலிருந்து காகிதம் நழுவியது. அவள் குனிந்து பார்க்கவில்லை.

அவர் எழுந்து வந்தார். மண்டியிட்டு மகளின் கன்னத்தைத் தொட்டார். சூடாகத்தான் இருந்தது. உனக்கு என்னம்மா வேணும் என்று கேட்க வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. மனைவியைப் பார்த்தார், நீ என்ன சொல்ல வந்தே என்று கேட்க முயன்றார். தொண்டையில் அந்த இடமே காலியாக இருந்தது. துழாவினார். நில், உட்கார், போ, வா. அவ்வளவுதான் இருந்தது.

இருந்ததில் அன்பானதாகத் தெரிந்த ஒன்றைத் தேடி எடுத்தார்.

"சிரிங்க."

சிரித்தார்கள். ஒரே அகலத்தில், எல்லாப் பற்களும் தெரிய.

"போதும்" என்றார். "போதும், போதும்!"

இருவர் கண்களிலிருந்தும் ஒரே நொடியில் நீர் வழிந்து, விரிந்த உதடுகளின் மேல் இறங்கியது. சிரிப்பு மட்டும் அசையவில்லை.