பத்திலிருந்து அளப்பவன்

காலை எட்டு பத்து. எகிப்தின் தும்யாத் நகரத்து மரக்கடைத் தெருவில் மஹ்ரூஸின் பட்டறைக் கதவு திறந்திருந்தது. வேலைக்கு வந்த தச்சர்கள் லுத்ஃபியும் அவாதும் வாசலிலேயே உறைந்து நின்றார்கள். முதலாளி மஹ்ரூஸ் கழுத்து முறிந்து தரையில் கிடந்தார். பக்கத்தில் ஒரு பலகை. மேலே, மரம் அடுக்கும் பரணில், ஏணி ஓரத்துப் பலகையைக் காணவில்லை.

எட்டு நாற்பது. காவல் அதிகாரி ஷாகிர் பரணைத் தாங்கும் இரண்டு இரும்பு உத்திரங்களுக்கு நடுவே அளந்தார். நூற்று அறுபத்தொன்பது சென்டிமீட்டர். அவற்றின்மேல் கிடத்த நூற்றெண்பதில் எட்டுப் பலகைகள் அறுக்கச் சொல்லியிருந்தார் மஹ்ரூஸ். விழுந்த பலகை ஏறக்குறைய நூற்றெழுபதுதான். நுனியில் தொற்றிக்கொண்டிருந்தது, கால் பட்டதும் நழுவிவிட்டது.

அறுத்தவர் லுத்ஃபி. அவருடைய அளவு நாடாவின் கொக்கி உடைந்து, முதல் எண்கள் தேய்ந்துவிட்டன. அதனால் பலகை விளிம்பில் நாடாவின் பத்தாவது சென்டிமீட்டரைப் பிடித்து அளப்பார். நூற்றெண்பது வேண்டுமென்றால் நூற்றுத் தொண்ணூறில் கோடு போட வேண்டும். மறந்துபோய் நூற்றெண்பதில் போட்டால் பலகை பத்து குறைந்துவிடும். அந்தத் தெருவில் இப்படி ஒருமுறையாவது தவறாத தச்சர் இல்லை.

லுத்ஃபி அதிகாரியிடம் இரண்டு மணிக்கட்டுகளையும் நீட்டினார். "மறந்துட்டேன் போல பாஷா. என் கையாலதான் அவர் செத்தார். எழுதிக்குங்க."

அவாத் சொன்னது இது: நேற்று மாலை அறுத்து முடித்ததும் மின்சாரம் போய்விட்டது. மங்கல் வெளிச்சத்தில் பலகைகளைப் பரணில் பரப்பி, தூசி விழாமலிருக்க மேலே அட்டை விரித்துவிட்டு இருவரும் வீட்டுக்குப் போனார்கள். ஓரங்களை யாரும் பார்க்கவில்லை. பெருநாள் முடிந்ததும் லுத்ஃபியைப் பங்காளி ஆக்கப்போவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

நேற்று இரவு பட்டறையைப் பூட்டியவர் மஹ்ரூஸின் தம்பி ரம்ஸி. முன்பக்கத்து விற்பனைக் கூடம் அவர் பொறுப்பு. கண் சிவக்க அழுதுகொண்டு வந்தார்.

"விட்டுருங்க பாஷா. லுத்ஃபி என் கூடப்பிறந்தவன் மாதிரி. தப்பு யாருக்கும் வரும். பட்டறையை விட்டுப் போனா போதும், கேஸெல்லாம் வேண்டாம்."

"தப்பைப் பத்தி நீ பேசுறியா?" என்றார் அவாத். "ரெண்டு வருஷம் ரம்பத்துல நின்னு அத்தனை மரத்தையும் வீணாக்கினே. அதான் சட்டை கசங்காம நின்னு விக்கச் சொல்லி அனுப்பினார் முதலாளி."

ஷாகிர் யாரையும் பார்க்கவில்லை. தன் எஃகு அளவுகோலால் விழுந்த பலகையை மறுபடி அளந்தார். பிறகு ரம்பத்தின் கீழே கிடந்த துண்டுகளை அளந்தார். ரம்ஸியிடம் கார்ச் சாவியைக் கேட்டு வாங்கி ஒரு காவலரை அனுப்பினார்.

ஒன்பது இருபது. ஷாகிர் துண்டுகளை வரிசையாக வைத்தார்.

"நாலு மீட்டர் பலகை நாலு. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு நூற்றெண்பது. மிச்சம் நாப்பது வரணும். ஆனா ரம்பத்தோட கனம் மூணு மில்லி. ஒவ்வொரு அறுப்பிலயும் அவ்வளவு தூளாகிப் போகும். ரெண்டு அறுப்பு, ஆறு மில்லி. மிச்சம் முப்பத்தொன்பது புள்ளி நாலு. இங்க கிடக்கிற நாலு துண்டும் அதே அளவுதான். ஒரு பலகையை லுத்ஃபி பத்து குறைச்சு அறுத்திருந்தா, ஒரு துண்டு பத்து நீளமா இருக்கணுமே?"

ஷாகிர் விழுந்த பலகையைத் தொட்டுக் காட்டினார்.

"எட்டுமே சரியாத்தான் அறுபட்டிருக்கு. அப்புறம்தான் யாரோ ஒண்ணைக் குறைச்சிருக்காங்க. இது நூற்றெழுபது இல்லை. நூற்று அறுபத்தொன்பது புள்ளி ஏழு. தச்சன் கோட்டைத் தாண்டி, கழிவுப் பக்கம்தான் ரம்பத்தை வைப்பான். பலகை பக்கம் வச்சு மூணு மில்லியைத் தின்னவன் தச்சன் இல்லை."

வெளியே போன காவலர் திரும்பினார். காரின் பின்பெட்டியில் சாக்கில் சுற்றிய மரத்துண்டு. சரியாகப் பத்து சென்டிமீட்டர். ஷாகிர் அதைப் பலகை நுனியோடு சேர்த்தார். மர ரேகைகள் ஒன்றையொன்று தொட வந்து, ஒரு மயிரிழை தள்ளி நின்றன. துண்டை மூன்று மில்லி விலக்கினார். ரேகைகள் நேராயின.

ரம்ஸியின் முகத்தில் ரத்தம் இல்லை. "கரண்ட் வந்ததும்..." என்று தொடங்கியவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"கையை இறக்குங்க உஸ்தா," என்று தச்சரை மரியாதையாக விளித்தார் ஷாகிர்.

லுத்ஃபியின் மணிக்கட்டுகள் அதுவரை நீட்டியபடியே இருந்தன. அவர் ரம்ஸியையே பார்த்தார்.

"கோட்டுக்கு அந்தப் பக்கம் ரம்பத்தை வைன்னு எத்தனை தடவைடா சொல்லிக் குடுத்தார் உங்கண்ணன்?"