எட்டாவது கிளிப்

“ஐயோ! என் வைர நெக்லஸ்!”

துணிக்கடை முதலாளியின் அலறலில் கடையே கிடுகிடுத்தது!

ஜன்னலே இல்லாத ஹால். நடுவே ஷோகேஸ் மேடை. அதில் ஐந்து பொம்மைகள். ஆறாவதாக அவள்...

கழுத்தில் வைர நெக்லஸோடு உயிருள்ள மாடல்!

ஒரு மணி நேரம் அசையாமல் நின்றால் அடுத்த மாத விளம்பரமும் அவளுக்கே. ஒன்பது இடங்களில் ‘உயரம் பத்தாது’ என்று விரட்டப்பட்டவளுக்கு இதுதான் முதல் வாய்ப்பு.

மூக்கு அரித்தது. ஒரு சைஸ் சின்ன செருப்பு கடித்தது. காலையில் தின்ற ஒற்றை வெள்ளரிக்காய் எப்போதோ விடைபெற்றிருந்தது. அசைந்தாளா? ம்ஹூம்!

திடீரென்று கரண்ட் போனது. இரண்டே நிமிடம். திரும்ப வந்தபோது அவள் கழுத்து காலி!

இன்ஸ்பெக்டர் பறந்து வந்தார்.

“இவதான் சார் திருடி! உள்ளே தள்ளுங்க!” முதலாளி குதித்தார்.

“ஏம்மா, நெக்லஸ் எங்கே?”

“இருட்டுல எவனோ பின்னாடி வந்து கழுத்துல கத்தியை வெச்சான் சார். ‘அசைஞ்சே... செத்தே!’ன்னான்.”

“நீ என்ன பண்ணினே?”

“அதுக்குத்தானே சார் சம்பளம்? அசையாம நின்னேன்.”

“கதை விடறா சார்!”

அவள் மேக்கப் அக்காவைக் கூப்பிட்டாள்.

“அக்கா, இந்த கவுன் எனக்கு எவ்ளோ தொளதொள?”

“உன்னை மாதிரி ரெண்டு பேர் நுழையலாம்டி! அதான் முதுகுப் பக்கம் இழுத்துப் புடிச்சு எட்டு சிவப்பு கிளிப் மாட்டினேன்.”

“இப்ப எண்ணுங்க.”

“அஞ்சு... ஆறு... ஏழு! இன்னொண்ணு எங்கேடி?”

“போஸுக்காக என் கை முதுகுக்குப் பின்னாலதானே இருந்துச்சு? அவன் நெக்லஸைக் கழட்டிட்டுத் திரும்பறப்போ ரெண்டே ரெண்டு விரலை அசைச்சேன். கிளிப்பை உருவி அவன் கோட்டு நுனியில மாட்டிட்டேன்!”

இன்ஸ்பெக்டர் சுற்றிலும் பார்த்தார். சேல்ஸ்மேன்... வாட்ச்மேன்... யாரிடமும் கோட்டே இல்லை. ஒரே ஒருவரைத் தவிர!

“முதலாளி சார், கொஞ்சம் திரும்புங்க.”

கோட்டின் பின்னால் சிவப்பாக ஒரு கிளிப்!

உள் பாக்கெட்டில் கத்தி. கூடவே நெக்லஸ்.

“ஓஹோ... இன்ஷூரன்ஸுக்காகவா இவ்ளோ நடிப்பு?” இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார்.

முதலாளி அவளைப் பார்த்துக் கத்தினார். “விரலை அசைச்சுட்டே இல்லே? கான்ட்ராக்ட் கேன்சல்! இனிமே நீ மாடலே இல்லே!”

அவள் மூக்கை ஆசைதீரச் சொறிந்துகொண்டாள்.

“பரவாயில்லே சார், இனிமே நீங்கதானே மாடல்! ஸ்டேஷன்ல முன்பக்கம் ஒண்ணு, சைடுல ஒண்ணு போட்டோ எடுப்பாங்க... அசைஞ்சிடாதீங்க!”