இரண்டு தட்டு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கதவுக்கு முதுகு காட்ட வேண்டாம், இப்படித் திரும்பி உட்காருங்கள். கிளம்பாமலே போன ஒரு பயணத்தின் கதை சொல்லப்போகிறேன். பயம் வந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளலாம், தப்பில்லை.

காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகிற வீட்டுவண்டி, அந்த டிரெய்லரின் சக்கரத்தை வெளியே யாரோ இரண்டு தட்டுத் தட்டினார்கள். அப்படித்தான் தொடங்கியது.

உள்ளே சக்கர நாற்காலியில், கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, மடியில் கோப்பைகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்த தையல்காரம்மாவின் கை அப்படியே நின்றது. மணி ஐந்துகூட ஆகவில்லை, முற்றத்தில் நல்ல வெயில். டிரெய்லரை வாங்குகிறவர் மறுநாள் காலையில் வருகிறார். மகள்தான் அவளைச் சரிவுப் பலகை வழியாக மேலே ஏற்றிவிட்டு, "பத்தே நிமிஷம்மா, அட்டைப்பெட்டி வாங்கிட்டு ஓடி வந்துடறேன்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போயிருந்தாள். பூனையாக இருக்கும் என்று தையல்காரம்மா நினைத்துக்கொண்டாள். பூனை எண்ணித் தட்டுமா?

அவள் கணவர் முப்பத்தாறு வருஷம் ரயில் பெட்டிச் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தவர். "நல்ல இரும்பு கூப்பிட்டா பதில் சொல்லும். சொல்லலேன்னா உள்ள விரிசல்" என்பார். முதுகுத்தண்டில் கட்டி வந்து அவள் கால்கள் விழுந்த பிறகு, மலையும் கடலும் காட்டாமல் விடமாட்டேன் என்று பழைய டிரெய்லர் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். கட்டிலைத் தாழ்த்தினார், கதவை அகலமாக்கினார். வழியில் தங்கப்போகிற இடத்துக்கெல்லாம் போன் போட்டு, படி எத்தனை, கக்கூஸ் கதவு எத்தனை அங்குலம் என்று கேட்டு ஒரு நோட்டை நிரப்பினார்.

"நாம பார்க்கப் போறது மலையையா, கக்கூஸையா?" என்றாள் அவள்.

"ரெண்டையும்தான். மலை எங்கயும் ஓடிடாது. மத்ததுதான் அவசரம்."

ஞாயிறுதோறும் முற்றத்திலேயே கிளம்பிப் பழகினார்கள். அவர் சுத்தியலோடு வெளியே சுற்றி வந்து ஒவ்வோரிடத்திலும் இரண்டு தட்டுவார். அவள் உள்ளேயிருந்து பதில் சொல்வாள். கேஸ்? மூடியாச்சு. ஜன்னல்? சாத்தியாச்சு. கடைசியாகக் கதவு. உள்ளே ஆள்?

"இருக்கேன், வந்து இறக்குங்க."

ஓடுகிற டிரெய்லருக்குள் ஆள் இருக்கக் கூடாது. அவர் நாற்காலியைப் பின்புறமாகவே மெல்ல இறக்கிக் கொண்டுபோய் அவளைக் காரில் உட்கார வைப்பார். அந்தப் பதிலைச் சொல்லிவிட்டால் பயணம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

பிறகு ஆஸ்பத்திரி. அவர் தொண்டையில் குழாய், திறக்க முடியாத கண்கள். நான்காம் நாள் அவர் விரல் கட்டில் கம்பியில் இரண்டு தட்டியது. மறுபடி இரண்டு. மகளுக்குப் புரியவில்லை. இவளுக்குப் புரிந்தது. பதில் சொல்லாவிட்டால் கிளம்பமாட்டார் என்று நம்பி, வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் இந்தப் பாவி. மத்தியானம்வரை தட்டிய விரல் ஓய்ந்தது. பக்கத்தில் ஆளே இல்லை என்று நினைத்துத்தான் போயிருப்பார்.

இப்போது கேஸ் பெட்டியில் தட்டு விழுந்தது. டக், டக். தகரச் சுவருக்கு அப்பால், சரளைக்கல்லை அரைத்துக்கொண்டு, இடது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து வைக்கிற அந்த நடை, கிரீஸும் சோப்பும் கலந்த பழைய வாசனையோடு, வெயில் அடிக்கிற பக்கமாகச் சுற்றி வந்து ஜன்னலருகே நின்றது. டக், டக். திரைச்சீலை முழுக்க வெயில். நிழல் விழவில்லை.



கதவில். டக், டக்.

வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்குப் போலவே.

மறுபடி தட்டு. இது சுத்தியல் இல்லை. விரல்.

மறுபடி. மெலிதாக.

மறுபடி. இன்னும் மெலிதாக.

ஓயப்போகிறது. இந்த முறையும் ஓயப்போகிறது.

"இருக்கேன்," என்றாள். "அன்னிக்கும் இருந்தேங்க. வந்து இறக்குங்க."

முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது. நாற்காலியின் ஒரு பிரேக் விடுபட்டது. இன்னொன்று. நாற்காலி அவர் சாய்க்கிற அளவுக்கே பின்னால் சாய்ந்து இறங்கியது. கிரீஸ் வாசனை போய் மருந்து வாசனை வந்தது. சரிவுப் பலகை இரண்டு ஆள் பாரத்துக்கு முனகியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கார் நின்ற இடத்தில் இப்போது எண்ணெய்க் கறை மட்டும்தான். காரைப் போன வாரமே விற்றாயிற்று. நாற்காலி அங்கேதான் போனது. பின்னால், கார்க் கதவு திறக்கும் சத்தம்.

எதிரே கேட் திறந்தது.

"ரெண்டு பெட்டிதாம்மா கிடைச்சுது…"

மகளின் கையிலிருந்து பெட்டிகள் விழுந்தன. அவள் கண்கள் அம்மாவைப் பார்க்கவில்லை. அம்மாவின் தலைக்கு மேலே, ஓர் ஆள் உயரத்தில் நிலைகுத்தி நின்றன.

"அப்பா," என்றாள் மகள், சின்னப் பிள்ளைக் குரலில். "அந்தக் குழாயை இன்னும் எடுக்கலையாப்பா?"

நாற்காலி நிற்கவில்லை.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் கூப்பிடுகிறவர்களுக்கெல்லாம் காலத்தோடு பதில் கிடைக்கட்டும். உங்கள் கதவைத் தட்டுகிற கையெல்லாம் சூடுள்ள கையாகவே இருக்கட்டும்.